மீன் சாப்பிடும் வீட்டில் பக்கவாதம் ஏன்?

கேள்வி: எங்களுடையது ராமேஸ்வரம் பக்கம் கடலோர ஊர். அப்பாவுக்கு 61 வயது. ஆட்டுக்கறி, நெய் பக்கமே போக மாட்டார். மீன், கருவாடு, பழைய சோறு, ஊறுகாய், இதுதான் அவர் சாப்பாடு. போன மாதம் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. மீன் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே, பிறகு எப்படி டாக்டர்?

பதில்: முதலில் ஒன்று. அப்பாவுக்கு பிசியோதெரபியை ஒருநாளும் விடாதீர்கள். கை தேறுவதற்கு முதல் சில மாதங்கள் மிக முக்கியம்.

கறி, நெய் பற்றியெல்லாம் எழுதிய நீங்கள் அவருடைய பி.பி. எவ்வளவு என்று எழுதவில்லை. பக்கவாதத்துக்குத் தலையாய காரணம் உயர் ரத்த அழுத்தம். அதை ஏற்றிவிடுவதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜப்பானின் வடகிழக்கில் அகிதா என்ற மாகாணம் இருக்கிறது. 1950களில் அங்கே இறைச்சியும் எண்ணெயும் குறைவு. சோறு, மிசோ சூப் (உப்பிட்டுப் புளிக்கவைத்த சோயா விழுதில் செய்வது), உப்பில் ஊறிய காய், உப்பு மீன் என்று ஆளுக்கு தினமும் 20 கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போனது. மாரடைப்பு குறைவாகவும் பக்கவாதம் மிக அதிகமாகவும் இருந்தது. பின்லாந்தின் வட கரேலியாவில் வெண்ணெயும் கொழுப்பு நீக்காத பாலும் தினசரி உணவு. அங்கே நடுவயது ஆண்களை மாரடைப்பு கொண்டுபோனது. இரண்டு இடத்திலும் சாப்பாட்டை மாற்றினார்கள், பி.பி.க்கு மருந்து கொடுத்தார்கள். சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

மீன் நல்லதுதான், குழம்பாக வைத்தால். உப்பிட்ட கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல்கூட உப்பு இருக்கும். பழைய சோற்றிலும் குற்றமில்லை. அதில் அள்ளிப் போடும் கல் உப்பும் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும்தான் சிக்கல். உப்பில் பி.பி.யை ஏற்றுவது சோடியம். இந்துப்பு என்றாலும் அதிலும் இருப்பது சோடியம்தான்.

வீட்டில் ஒரு கணக்குப் போடுங்கள். நான்கு பேருக்கு மாதம் ஒரு கிலோ உப்பு தீர்ந்தால், ஆளுக்கு தினமும் 8 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. கருவாட்டை எப்போதாவது ஒருநாள் என்று வையுங்கள். சமைக்கும்முன் வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடி வேண்டாம்.

சோடியத்தைக் குறைத்து பொட்டாசியம் கலந்த உப்பும் கடைகளில் கிடைக்கிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021ல் வெளியான ஆய்வில், இவ்வகை உப்புக்கு மாறியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சில பி.பி. மாத்திரைகளோடும் சேராது. டாக்டரைக் கேட்காமல் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள்.

பி.பி. நார்மலாகிவிட்டது என்று அவருடைய மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். மாத்திரை போடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது. நீங்களும் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பி.பி. பாருங்கள், அங்கே இலவசம்தான். ஒரே அடுப்பில் சமைத்ததைத்தானே எல்லோரும் சாப்பிட்டிருக்கிறீர்கள்.