யாரைத் தடுக்காமல் விடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஆர்மியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். 2024 சீசனில் 12 வெற்றி, 2 தோல்வி, மறுக்கவில்லை. ஆனால் தோற்ற அந்த இரண்டு ஆட்டங்களையும் பாருங்கள். நோட்டர் டேமிடம் 49–14, கடற்படை அகாடமியின் அணியான நேவியிடம் 31–13. பின்தங்கிய பிறகும் அதே ஓட்டம், நடுவில் அதே முட்டல். அடுத்த ப்ளே என்ன என்று பத்து வயதுப் பையன்கூடச் சொல்லிவிடுவான். "இதுதான் எங்கள் அடையாளம்" என்பது பிடிவாதத்துக்கு வைத்த நல்ல பெயர்தானே? அதே ஆண்டு நேவி புது ஆஃபன்ஸ் (பந்தைக் கையில் வைத்து ஆடும் பக்கம்) பயிற்சியாளரைக் கொண்டுவந்தது, ஆட்டத்தைத் திறந்துவிட்டது, 10 ஆட்டம் ஜெயித்தது, ஆர்மியையும் அடித்தது. ஆர்மி மட்டும் ஏன் மாறக் கூடாது?

இன்னொன்று. டிவியில் பார்க்கும்போது எனக்கு அவர்களுடைய எல்லா ப்ளேயும் ஒன்றுபோலவே தெரிகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

கே., நியூ ஜெர்ஸி

அன்புள்ள கே.,

ஏன் மாறக் கூடாது என்கிறீர்கள். மாறிப் பார்த்தார்கள், அதற்கு முந்தைய ஆண்டுதான்.

2022-இல் கல்லூரிக் கால்பந்தில் ஒரு விதி மாறியது. இடுப்புக்குக் கீழே விழுந்து தடுக்கும் 'கட் பிளாக்' இனி முன்வரிசையின் இரு ஓரங்களில் நிற்கும் 'டேக்கிள்' என்ற இரண்டு வீரர்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் மட்டுமே செல்லும் என்றார்கள். மற்ற அணிகளுக்கு இது சின்ன விஷயம். பந்தோடு யார் ஓடுவது என்பதை ஆட்டத்தின் நடுவிலேயே முடிவுசெய்யும் ஆப்ஷன் முறையை ஆடும் அணிக்குக் கையில் ஒரு விரல் போன மாதிரி. வெளிப்பக்கம் ஓடிப்போய்த் தன்னைவிட 20, 30 பவுண்டு கூடுதலான சேஃப்டியின் (எதிரணியின் கடைசிக் காவலர்) தொடையில் விழுந்து சாய்த்துக்கொண்டிருந்த சின்ன உருவ ஸ்லாட்பேக் (பக்கவாட்டில் நிற்கும் ஓட்டக்காரர்), இனி அவனை நின்றபடி நெஞ்சோடு நெஞ்சு முட்டித் தடுக்க வேண்டும். அது பெரும்பாலும் நடப்பதில்லை. பந்தைப் பக்கவாட்டில் தட்டிவிட்டு வெளிப்பக்கம் ஓடும் பிட்ச் ஓட்டத்தின் மதிப்பு அன்றே குறைந்துவிட்டது.

தலைமைப் பயிற்சியாளர் ஜெஃப் மாங்கென் 2023-க்கு ட்ரூ தாட்சரை ஆஃபன்ஸ் பொறுப்புக்குக் கொண்டுவந்தார். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டருக்குப் பின்னால் ஒட்டி நிற்பதை விட்டு, சில யார்டு தள்ளி நிற்கும் ஷாட்கன் நிலைக்குப் போனார். எறிதலும் கூடியது. விளைவு: முதல் எட்டு ஆட்டங்களில் 2 வெற்றி, 6 தோல்வி. டிராயிடம் 19–0, எல்.எஸ்.யு.விடம் 62–0. எல்.எஸ்.யு.விடம் தோற்பதில் வெட்கமில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்தில் மாசசூசெட்ஸிடமும் 21–14 என்று தோற்றார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. கடைசி நான்கையும் ஜெயித்து 6–6 என்று முடித்தார்கள். அதில் டிஃபன்ஸின் பங்கே பெரிது. ஏர் ஃபோர்ஸை 3 புள்ளியிலும் நேவியை 11 புள்ளியிலும் நிறுத்தியது அவர்கள்தான். சீசன் முடிந்ததும் தாட்சர் விலகினார், கோடி வொர்லி பொறுப்பேற்றார். 2024-இல் அணி மீண்டும் சென்டருக்குப் பின்னால் வந்து நின்றது.

அப்படியானால் பழைய இடத்துக்கே திரும்பினார்களா என்றால், இல்லை. இங்கேதான் உங்கள் கடிதத்தோடு எனக்கு முரண்பாடு. அதற்கு ட்ரிப்பிள் ஆப்ஷன் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவோம்.

குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால், நடுவில் ஓடும் ஃபுல்பேக். இரு பக்கமும் டேக்கிளுக்குச் சற்று வெளியே, ஒரு யார்டு பின்னால், ஆளுக்கொரு ஸ்லாட்பேக். ஓரங்களில் எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள். வலப்பக்கம் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். வலது டேக்கிள் தனக்கு எதிரில் நிற்கும் ஆளைத் தொடுவதே இல்லை. அவனைக் கடந்து உள்ளே போய் லைன்பேக்கரை (எதிரணியின் இரண்டாம் வரிசைக் காவலர்) முட்டுகிறார். விடப்பட்ட அந்த முதல் ஆளைத்தான் குவார்ட்டர்பேக் பார்க்கிறார். பந்தை ஃபுல்பேக்கின் வயிற்றில் வைத்தபடி அவரோடு சேர்ந்து ஓர் அடி நகர்கிறார், கண் மட்டும் அந்த ஆளின் தோள்மேல். தோள் உள்ளே திரும்பினால் பந்தை உருவிக்கொள்ள வேண்டும், திரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். உருவினால் அடுத்து வெளியே இரண்டாவது ஆள், அவனையும் யாரும் தடுக்கவில்லை. குவார்ட்டர்பேக் அவனுடைய உள்தோளை நோக்கி ஓடுகிறார். அவன் தன்மேல் பாய்ந்தால், நாலைந்து யார்டு வெளியே கூடவே ஓடிவரும் ஸ்லாட்பேக்குக்குப் பந்தைத் தட்டிவிடுகிறார். பாயாவிட்டால் தானே ஓடுகிறார்.

ஆக இரண்டு பேரை யாரும் தொடாமலே ஆட்டத்திலிருந்து கழித்தாயிற்று. அவர்களைத் தடுத்திருக்க வேண்டிய இரண்டு பேர் வேறு யாரையாவது இரட்டையாக முட்டலாம். அகாடமி அணிக்கு இந்தக் கணக்குதான் உயிர். படிப்பை முடிக்கும் கேடட் ராணுவ அதிகாரியாகப் போகிறவர், அதற்கான எடை வரம்புக்குள் வர வேண்டும். 330 பவுண்டு லைன்மேன்களை வரிசையாக நிறுத்த முடியாது. வேறு கல்லூரியிலிருந்து தேர்ந்த வீரரை இழுத்து வரவும் முடியாது, வருகிறவர் அகாடமியில் முதலாண்டு மாணவராகத்தான் தொடங்க வேண்டும். ஆளுக்கு ஆள் மோதினால் தோற்கும் அணி, மோதாமலே ஆட்களைக் கழிக்கும் வழியைத் தேடுகிறது. அடையாளம் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

இப்போது உங்கள் பத்து வயதுப் பையனிடம் வருகிறேன். அடுத்தது ஓட்டம் என்று அவன் சரியாகச் சொல்லிவிடுவான். யார் ஓடப்போகிறார் என்பது குவார்ட்டர்பேக்குக்கே தெரியாதபோது அவனுக்கு எங்கே தெரியும்? ஆப்ஷன் பயிற்சியாளரின் ப்ளே-காலிங், ஓடுவதா எறிவதா என்ற கேள்வி அல்ல. இந்த முறை யாரைத் தடுக்காமல் விடுவது என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு அவர் ஒவ்வொரு ப்ளேக்குப் பிறகும் பார்ப்பது, டேக்கிள் செய்தது, அதாவது பந்தோடு ஓடியவரைப் பிடித்து வீழ்த்தியது யார் என்பதை. முதல் ஆள் உள்ளே பாய்ந்து, அவன் இடத்துக்கு லைன்பேக்கர் சுற்றிவந்து குவார்ட்டர்பேக்கைப் பிடித்தாரா? அடுத்த முறை டேக்கிளை வெளிப்பக்கமாக அனுப்பி அந்த லைன்பேக்கரை முட்டவைக்கலாம். இல்லை என்றால் 'மிட்லைன்': இன்னும் உள்ளே நிற்கும் டிஃபன்ஸ் டேக்கிளைத் தடுக்காமல் விட்டு அவரைப் படிப்பது. பிட்ச் ஓட்டத்தைப் பிடித்தது சேஃப்டியா? அப்படியானால் அவர் தன் இடத்தை விட்டு முன்னால் ஓடிவரத் தொடங்கிவிட்டார், அவர் தலைக்குமேல் ஸ்லாட்பேக்குக்கு ஓர் எறிதல் காத்திருக்கிறது. ஆர்மி ஓர் ஆட்டத்தில் சில முறைதான் எறிகிறது. அதில் 40 யார்டு ஒன்று கிடைத்தால், அது முந்தைய முப்பது ஓட்டங்கள் போட்ட வட்டி.

2024-இல் வொர்லி செய்த திருத்தம் நுட்பமானது. வெளிப்பக்கம் பலவீனப்பட்டுவிட்டதால் சுமையை உள்ளே கொண்டுவந்தார், அதைக் குவார்ட்டர்பேக் பிரைசன் டெய்லியின் தோளில் வைத்தார். டெய்லி 220 பவுண்டு, லைன்பேக்கர் உடம்பு. அந்த சீசனில் 32 முறை ஓடியே டச்டவுன் அடித்தார். முன்னால் ஃபுல்பேக்கும் ஒரு லைன்மேனும் வழியைத் திறக்க, பின்னால் பந்தோடு குவார்ட்டர்பேக். இதைச் சுத்தமான பழைய ட்ரிப்பிள் ஆப்ஷன் என்று சொல்ல முடியாது. டிவி வர்ணனையாளர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள், அது அவர்கள் பாடு. ஓட்டத்தில் நாட்டிலேயே முதலிடம், ஆட்டத்துக்கு 300 யார்டு. சிறந்த ஆஃபன்ஸ் லைனுக்கான ஜோ மூர் விருதும் அவர்களுக்கே. டுலேனை 35–14 என்று வென்று, அணியின் வரலாற்றில் முதல்முறையாக ஒரு லீக் பட்டத்தை எடுத்தார்கள்.

அந்த சீசனில் ஒரே ஒரு ட்ரைவை (பந்து ஓர் அணியிடம் தொடர்ந்து இருக்கும் ஒரு முறை) மட்டும் பார்க்கச் சொன்னால் நார்த் டெக்சாஸ் ஆட்டத்தைச் சொல்வேன். 14–3 என்று முடிந்த ஆட்டம். ஒரே ட்ரைவில் 21 ப்ளே, 94 யார்டு, 13 நிமிடம் 54 வினாடி. ஒரு கால்பகுதியே 15 நிமிடம்தான். எதிரணியில் ஆட்டத்துக்கு நாற்பது புள்ளி அடிக்கக்கூடிய ஆஃபன்ஸ் ஓரத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 2018-இல் குவார்ட்டர்பேக் கைலர் மர்ரியின் ஓக்லஹோமாவுக்கு எதிராகவும் இதே வேலைதான்: பந்து 44 நிமிடம் 41 வினாடி ஆர்மியிடம் இருந்தது. கூடுதல் நேரத்தில் 28–21 என்று தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதன் கணக்கு எளிது. நான்கு டவுனில், அதாவது நான்கு முயற்சிக்குள், பத்து யார்டு எடுக்க வேண்டும். மூன்றில் எடுத்து நான்காவதில் பந்தை உதைத்துவிடும் அணிக்கு டவுனுக்கு மூன்றேகால் யார்டுக்கு மேல் தேவை. நான்கையும் ஆடுகிறேன் என்று முதலிலேயே முடிவுசெய்த அணிக்கு இரண்டரை போதும். கபடியில் இரண்டு வெற்று ரெய்டு போனால் மூன்றாவது 'டூ ஆர் டை' ஆகிவிடுகிறதல்லவா, அந்த நெருக்கடியை ஆர்மி தனக்கு நான்காவதுக்குத் தள்ளிவைத்துக்கொள்கிறது.

ஆனால் கணக்கு கெடுவதும் இங்கேதான். முதல் டவுனில் எதிராளியைப் பிடித்து இழுத்ததற்கான ஹோல்டிங் தண்டனை ஒன்று விழுந்தால் 20 யார்டு எடுக்க வேண்டும். எறியும் அணிக்கு அது தலைவலி, இவர்களுக்கு அந்த ட்ரைவே முடிந்தது. ஒரு லைன்மேன் முன்கூட்டி அசைந்து போகும் 5 யார்டு இரண்டு டவுனைத் தின்கிறது. ஃபுல்பேக்கின் வயிற்றில் பந்தை வைத்து உருவும்போது அரை நொடி தயங்கினால் பந்து தரையில். நிதானமாக ஆடுவதால் ஆட்டத்தில் கிடைக்கும் ட்ரைவ்களே எட்டு, ஒன்பதுதான். அதில் இரண்டு வீணானால் ஈடுகட்ட இடமில்லை.

நீங்கள் சொன்ன இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றல்ல. நோட்டர் டேம் அந்த ஆண்டு தேசிய இறுதி ஆட்டம்வரை போன அணி. அவர்களுடைய லைன், கழிக்கப்பட்ட ஆட்கள் போக மிச்சமிருந்தவர்களை வைத்தே ஆர்மியை வென்றது. அதற்கு எந்த ப்ளே-காலிங்கிலும் மருந்தில்லை. நேவி ஆட்டம் வேறு. ஆப்ஷனின் பாதி பலம் எதிரணிக்குப் பழக்கமில்லாமையில் இருக்கிறது: மூன்று நாலு நாள் பயிற்சியில், தன் மாற்று வீரர்களை ஆர்மிபோல ஓடவிட்டு அந்த வேகத்தைக் காட்ட யாராலும் முடிவதில்லை. நேவிக்கு அந்தச் சிரமம் கிடையாது, அவர்கள் இந்தக் குடும்பத்து ஆட்டத்தோடேயே வளர்ந்தவர்கள். இவ்விரு அணிகளின் முந்தைய ஸ்கோர்களைப் பாருங்கள்: 2020-இல் 15–0, 2021-இல் 17–13, 2022-இல் இரண்டு கூடுதல் நேரம் போயும் 20–17, 2023-இல் 17–11. பின்தங்கிய பிறகு ஆர்மி எறியவில்லை என்கிறீர்கள். எறிந்தார்கள், டெய்லி எறிந்ததை நேவி பிடித்தது. வாரத்துக்கு 20 மணிநேரம்தான் பயிற்சிக்கு அனுமதி. அதில் பெரும்பகுதியை அந்தத் தோள் திரும்புகிறதா என்று பார்ப்பதற்குச் செலவிட்டவர்களிடம் நாலாவது கால்பகுதியில் திடீரென்று எறிதலைக் கேட்டால் இப்படித்தான் வரும்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். இரண்டு டச்டவுன் பின்தங்கினால் மீண்டுவர ஆர்மியிடம் வழியில்லை. அது நிஜமான ஓட்டை. நேவி அதை அடைத்திருக்கிறது. ஆனால் எப்படி அடைத்தது என்று பாருங்கள். புதிதாக வந்த ஆஃபன்ஸ் பயிற்சியாளர் ட்ரூ க்ரோனிக் ஆப்ஷனைத் தூக்கி எறியவில்லை. பழைய விங்-டி ஆட்டத்தின் ஏமாற்று அசைவுகளை அதன்மேல் ஏற்றினார், எறிதலை அதே அசைவுகளிலிருந்து எடுத்தார். நேவியின் குவார்ட்டர்பேக் பிளேக் ஹோர்வாத் அந்த ஆட்டத்தில் 204 யார்டு ஓடினார், எறிந்தது 107 யார்டுதான், அதில் இரண்டு டச்டவுன். ஆட்டத்தை முடித்துவைத்ததுகூட எறிதல் அல்ல: பன்ட் செய்வதுபோல், அதாவது பந்தை எதிரணிக்கு உதைத்துவிடுவதுபோல் நின்று, லாண்டன் ராபின்சன் என்ற நோஸ் கார்டிடம் (டிஃபன்ஸ் வரிசையின் நடு ஆள்) பந்தைக் கொடுத்து 29 யார்டு ஓடவிட்டார்கள்.

டிவியில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். பந்தை விட்டுவிடுங்கள், கேமராவே ஏமாறுகிற ஆட்டம் இது. ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைக் கொடுத்ததும், வலது டேக்கிளைப் பாருங்கள். எதிரில் நிற்பவனைத் தொடாமல் உள்ளே போகிறாரென்றால், உடனே கண்ணை அந்த எதிராளியின் தோளுக்குக் கொண்டுபோங்கள். ஃபுல்பேக்கா தானா என்று குவார்ட்டர்பேக் முடிவெடுக்கும் அதே நொடியில் உங்களுக்கும் தெரிந்துவிடும். விசில் ஊதியதும் டேக்கிள் செய்தவனின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ட்ரைவ் தள்ளி அதே எண் தடுக்கப்படாமல் தனியே நின்று விழிப்பதைப் பார்ப்பீர்கள்.