பொட்டல மாத்திரையை இன்றோடு நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறார். முழங்கால், இடுப்பு வலிக்கு மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரையை எட்டு மாதமாகத் தினம் ஒரு பொட்டலம் போடுகிறார். வலி போன இடம் தெரியவில்லை. ஆனால் முகம் உப்பிவிட்டது. போன வாரம் பார்த்தால் சர்க்கரை 240. என்ன மாத்திரை என்று கேட்டால் கடையில் சொல்வதில்லை. இன்றோடு நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்த மாத்திரை ஆகாது என்பதில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் சட்டென்று நிறுத்துவது, தொடர்ந்து போடுவதைவிட மோசமாகப் போய்விடக்கூடும்.

‘செட் மாத்திரை’ என்று ஊரில் சொல்லும் இந்தப் பொட்டலத்தை நோயாளிகள் முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்து என் மேஜையில் வைப்பார்கள். பெரிதாக ஒரு வலி மாத்திரை, ஒரு அல்சர் மாத்திரை, கலருக்கு ஒரு வைட்டமின், மூலையில் மிளகு அளவில் ஒன்று. வித்தை காட்டுவது அந்தக் குட்டிதான். அநேகமாக டெக்சாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு. அரை மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், சுமார் மூன்று மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. அம்மாவை நான் பார்க்கவில்லை. ஆனாலும் முகமும் உப்பி, சர்க்கரையும் ஏறினால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

நிறுத்தினால் என்ன ஆகும்? சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது அட்ரீனல் சுரப்பி. உடம்புக்கு வேண்டிய கார்டிசாலைச் சுரப்பது அதன் வேலை. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்தால் சுரப்பி வேலையை விட்டுவிட்டுப் படுத்துவிடும். மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் அது உடனே எழுந்துகொள்ளாது. அசதி, வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கி மயக்கம். அந்தச் சமயம் பார்த்து காய்ச்சலோ பேதியோ வந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே நாளைக்கே, மீதியுள்ள பொட்டலத்தோடும் சர்க்கரை ரிப்போர்ட்டோடும் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். உள்ளூரில் இல்லையென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு வாருங்கள். காலை எட்டு மணி வாக்கில் ரத்தத்தில் கார்டிசால் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அளந்த அளவில் பிரெட்னிசோலோன் கொடுத்து, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், படிப்படியாக இறக்குவார்கள். சர்க்கரைக்கும் வைத்தியம் தொடங்குவார்கள். கிட்னி, எலும்பு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் நாளை வரை காத்திருக்க வேண்டாம். வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும்.

ஒன்றை முன்பே சொல்லி வைக்கிறேன், வலி திரும்ப வரும். “அதப் போட்டாத்தான் நாலு கட்டு கூடச் சுத்த முடியுது” என்று அம்மா சண்டைக்கு வருவார். அதில் பொய் இல்லை. சொளவை மடியில் வைத்து, சம்மணம் போட்டுக் கழுத்தைக் குனிந்து நாள் முழுக்க உட்கார்ந்தால் யாருக்குத்தான் வலிக்காது? காலை நீட்டி, முதுகைச் சுவரில் சாய்த்து உட்காரச் சொல்லுங்கள். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நாலு எட்டு நடக்கட்டும். முழங்காலுக்குப் பிசியோதெரபி உண்டு. பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவர் சொல்வார்.

இனி அந்தக் கடை. ஸ்டீராய்டு மாத்திரை ‘ஷெட்யூல் எச்’ மருந்து. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருத்துவர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்க ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக் கடைக்காரர் தப்ப முடியாது. பெயரே இல்லாத பொட்டலம் என்பது, கேள்வி வந்தால் கையை விரிக்கத்தான் என்பது என் அபிப்பிராயம். பொட்டலத்தைப் பிரித்து போட்டோ எடுங்கள், பில் கேளுங்கள், இரண்டையும் வைத்து மாவட்ட மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள். மருந்தால் வந்த பக்க விளைவைத் தனியாகவும் பதியலாம்: 1800-180-3024, இலவச எண்.

மாத்திரை நின்ற பிறகும் ஒரு வருஷத்துக்கு, பல் பிடுங்கப் போனாலும் கண் ஆபரேஷனுக்குப் போனாலும், “எட்டு மாசம் ஸ்டீராய்டு போட்டிருக்காங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அம்மா சொல்ல மாட்டார்.