வாசகர் கேள்வி–பதில்: ஐட்லிங் திருகைத் தொடும் முன்

கேள்வி: எங்கள் 45 குதிரைத்திறன் டிராக்டரில் கை ஆக்சிலரேட்டரை முழுவதும் இறக்கினால், என்ஜின் சீராக ஓடாமல் வேகம் ஏறி இறங்குகிறது, சில நேரம் அணைந்தும் விடுகிறது. டீசல் பம்பின் கவர்னரில் உள்ள, ஐட்லிங்கை (சுமையின்றி ஓடும் மிகக் குறைந்த வேகத்தை) அமைக்கும் திருகை நாங்களே திருப்பலாமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: திருப்பலாம், ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. கவர்னர் என்பது என்ஜினின் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் பாகம். அதற்குள் சுழலும் எடைகள் வெளிப்புறம் விரிய முயல்கின்றன, ஸ்பிரிங் அவற்றை எதிர்க்கிறது. இரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் பம்பின் ரேக் என்ற பற்சட்டம் நின்று, டீசலின் அளவை முடிவு செய்கிறது. எடைகளின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது இருக்கும் விசையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் 700 சுற்றில் மிஞ்சுகிறது. அதனால்தான் ரேக்கின் சிறு இறுக்கமும், இணைப்புகளின் தேய்மானமும், டீசல் குழாயில் புகுந்த காற்றும் மேல்வேகத்தில் தெரியாமல் இருந்துவிட்டு ஐட்லிங்கில் வெளிப்படுகின்றன.

ஆகவே முதலில் டீசல் பில்டரைப் பார்த்து, குமிழி வருவது நிற்கும்வரை ஏர் எடுங்கள். ஆக்சிலரேட்டர் கம்பி, பம்பின் லீவரை ஐட்லிங் திருகில் முட்டும்வரை திரும்ப விடுகிறதா என்றும் பாருங்கள். விடவில்லையென்றால் திருகைத் திருப்பிப் பயனில்லை. வேகம் மெதுவாக ஏறி இறங்காமல், ஒரே தாளத்தில் என்ஜின் குலுங்கினால், பெரும்பாலும் குறை கவர்னரில் இல்லை, டீசலைப் பீய்ச்சும் ஏதோ ஒரு இன்ஜெக்டரில் இருக்கும்.

இவை சரியாக இருந்தால், என்ஜின் நன்கு சூடேறிய பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, திருகைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, வேகம் நிலைப்படக் காத்திருங்கள். காதால் கணிக்காமல், டேக்கோமீட்டரை வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். பின்பு ஆக்சிலரேட்டரை உயர்த்திச் சட்டென்று விடும்போது என்ஜின் அணையாமல் அந்த வேகத்திலேயே வந்து நின்றால், லாக் நட்டை இறுக்கிவிடலாம்.

சில கவர்னர்களின் பின்மூடியில் துணை ஸ்பிரிங்குக்குத் தனித் திருகு உண்டு. ஏற்ற இறக்கத்தை அது அடக்கும் என்பது உண்மைதான்; ஆனால் அளவுக்கு மீறி உள்ளே திருகினால் என்ஜின் வரம்பு மீறிய வேகத்துக்குப் போகக்கூடும் என்பதால், அதையும் சீல் வைத்த உச்சவேகத் திருகையும் சோதனை மேடை உள்ள பம்ப் கடையிடம் விட்டுவிடுமாறு வற்புறுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் டீசல் ஜெனரேட்டர் சுமையில்லாதபோது 52 ஹெர்ட்ஸ் காட்டுகிறது. கவர்னரைக் குறைத்து 50 ஆக்கலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். இயந்திரவகைக் கவர்னரில் சுமை ஏறும்போது வேகம் சிறிது இறங்குவது இயல்பு. வெறுமனே ஓடும்போது 1,560 சுற்றில் இருந்தால்தான், முழுச் சுமையில் 50 ஹெர்ட்ஸுக்கு உரிய 1,500 சுற்றில் வந்து நிற்கும். இப்போதே 50 ஆக்கிவிட்டால், சுமை ஏறியதும் அது 48 அளவுக்கு இறங்கி, மோட்டார்கள் சூடேறத் தொடங்கும்.