வாசகர் கேள்வி–பதில்: பத்து நாள் பயணமும் விடுதிப் பிள்ளைகளும்

கேள்வி: இலங்கையின் மட்டக்களப்பிலுள்ள கல்லடியில் ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சபையின் வாலிபர் பன்னிரண்டு பேர், தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள ஒரு கிறிஸ்தவ விடுதிப் பள்ளிக்கு ஊழியப் பயணமாகப் பத்து நாள் போக எண்ணியுள்ளோம். பெற்றோரை இழந்த பிள்ளைகளும் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். சித்திரை விடுமுறையில் போய், வேதாகம வகுப்பு நடத்தி, சுவர்களுக்கு வர்ணம் பூசி, சபையார் தரும் காணிக்கையையும் பரிசுப் பொருட்களையும் கொடுத்துவிட்டு வரலாமென்பது எங்கள் திட்டம். வேறு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள மகளுக்கு, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்கு 2005ஆம் ஆண்டின் தொடக்கம்தான் நினைவுக்கு வந்தது. சுனாமியில் கடல் நாவலடியையும் கல்லடியையும் அள்ளிக்கொண்டு போய்ச் சில வாரங்களே ஆகியிருந்த நாட்களில், நான் உதவிக்குப் போய்வந்த ஒரு முகாமுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடவைத்து, ஆளுக்கொரு பை கொடுத்து, படமெடுத்துக்கொண்டு மாலையிலேயே புறப்பட்டுவிட்டார்கள். படுக்கவைத்தால் கண்ணை மூடும் பொம்மை ஒன்று கிடைத்த ஆறு வயதுப் பிள்ளை, மறுநாள் காலை அதை இடுப்பில் வைத்துக்கொண்டு முகாம் வாசலில் நின்று, "அந்த அக்கா இண்டைக்கும் வருவாவா?" என்று என்னிடம் கேட்டது. நான்கு நாட்கள் தொடர்ந்து கேட்டது. பிறகு வேறொரு குழுவில் வந்த வயதான அம்மா ஒருவர், மூன்று வாரம் எங்கள் பெண்களோடு குந்தியிருந்து கத்தரிக்காய் வெட்டினார். அவரிடம் புகைப்படக் கருவிகூட இருக்கவில்லை. அந்த முகாமில் இருந்தவர்கள் இன்றைக்கும் விசாரிப்பது அவரைத்தான். வாங்குகிற கையின் கூச்சத்தை அறிந்த ஊரிலிருந்து போகிறீர்கள்; உங்கள் ஆயத்தம் அங்கிருந்தே தொடங்கட்டும்.

முதலில் காலத்தை மாற்றுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஏப்ரல் ஆண்டுத் தேர்வுக் காலம். மே மாதத்தில் விடுமுறை விட்டு, ஜூனில்தான் புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. நீங்கள் நினைக்கும் நாட்களில் போனால், பிள்ளைகள் பரீட்சையில் இருப்பார்கள் அல்லது விடுதி வெறிச்சோடிக் கிடக்கும். ஆகஸ்ட் பொருத்தமான மாதம்.

அடுத்தது விசா. இதை உங்கள் போதகரும் கவனமாகக் கேட்க வேண்டும். இந்தியச் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் ஆராதனையில் கலந்துகொள்ளலாம், ஆனால் பிரசங்கிப்பதற்கோ மதப் பிரசாரம் செய்வதற்கோ அந்த விசா இடந்தருவதில்லை; ஊழியத்துக்கென்று தனி வகை விசா உண்டு. ஆகவே வேதாகம வகுப்பைப் பற்றிப் பள்ளி நிர்வாகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் மனம் வருந்தாமல் விட்டுவிடுங்கள், ஏனெனில் நீங்கள் திரும்பிய பிறகு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். காணிக்கையையும் கடித உறையில் வைத்துக் கையில் கொடுக்காதீர்கள். வெளிநாட்டவர் தரும் பணத்தைப் பெறுவதற்கு இந்திய நிறுவனங்கள் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். அதுவும் அதற்கென ஒதுக்கிய வங்கிக் கணக்கில்தான் பெறலாம். இந்திய ரூபாயாக மாற்றிக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பணமே.

சுவருக்கு வர்ணம் பூசுவது எனக்கு உடன்பாடில்லை. அந்த வேலையைச் செய்து பிழைக்கிறவர் அந்த ஊரிலேயே இருப்பார். பன்னிரண்டு பேரின் பயணச் செலவில் ஒரு சிறு பங்கு அவருடைய கூலிக்குப் போதும். அதையும் பள்ளியின் கணக்கு வழியாகவே கொடுக்கலாம்.

பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள் என்று உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும், நாவலடிப் பிள்ளையின் முகம் முன்பின் தெரியாதவர்களின் வீட்டுச் சுவரில் தொங்குவதை நாம் விரும்பியிருப்போமா?

அப்படியென்றால் பத்து நாளும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாலைப் படிப்பு நேரத்தில் பிள்ளைகளோடு உட்காருங்கள், சமையலறையில் கைகொடுங்கள், அவர்கள் கேட்டால் நம்முடைய மீன்பாடும் வாவியைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் "கதைப்போம் வாங்கோ" என்றால், கதை சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்து வந்து சூழ்ந்துகொள்வார்கள். அங்கே அதற்குப் பேசுவது என்று பெயர். நாம் பாடும் கீர்த்தனைகள் பலவற்றை அவர்களும் பாடுகிறார்கள் என்பதால், பாட்டு வேளையில் நீங்கள் அந்நியராக இருக்கமாட்டீர்கள்.

வாய்ப்பிருந்தால் ஒரு நாள் அதே மாவட்டத்திலுள்ள டோனாவூருக்குப் போய் வாருங்கள். கைவிடப்பட்ட பிள்ளைகளுக்காக அங்கே இல்லம் அமைத்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1895இல் இந்தியாவுக்கு வந்து 1951இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. அவருடைய கல்லறையில் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டியும், "அம்மா" என்ற சொல்லுமே இருக்கின்றன. அதன் முன்னால் உங்கள் வாலிபர்கள் சற்று நேரம் நிற்கட்டும்.

சபையாரிடம் பயணத்துக்குப் பணம் கேட்பதில் தவறில்லை. எதற்கென்று நேராகச் சொல்லிக் கேளுங்கள். பரிசுப் பொருட்களைத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள். யாருக்கு எது தேவை என்பது அவருக்குத் தெரியும். கடிதம் எழுதுவதாகப் பிள்ளைகளில் எவருக்கும் தனித்தனியே வாக்குக் கொடுக்க வேண்டாம். நத்தாருக்கு ஒன்று, அவர்களுடைய ஆண்டுத் தேர்வுக்கு முன் ஒன்று என விடுதி முழுவதற்கும் பொதுவாக எழுதுங்கள். அதை யார் எழுதுவார் என்பதைக் கல்லடியிலிருந்து புறப்படுவதற்கு முன்பே பெயர் குறித்து முடிவுசெய்துகொள்ளுங்கள்.