கோவை வெயிலுக்கு 3 கிலோவாட் சோலார் எத்தனை யூனிட் தரும்?

கேள்வி: கோவை வடவள்ளியில் தனி வீடு. இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடுகிறது. சோலார் போட விசாரித்தேன். "உங்க ஊர் வெயிலுக்கு 3 கிலோவாட் போட்டால் தினம் 16 யூனிட் நிச்சயம்" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா? ஊர் வெயிலை நாமே கணக்குப் பார்க்க முடியுமா?

பதில்: 12 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஆண்டுச் சராசரியாக.

கோவையில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழும் சூரிய ஆற்றல் சராசரியாக 5 யூனிட்டுக்குச் சற்று மேல். இழப்பே இல்லையென்றால் ஒரு கிலோவாட் பேனல் அத்தனை யூனிட் தரும் என்று வைத்து, விற்பனையாளர் அதை அப்படியே 3-ஆல் பெருக்கியிருக்கிறார். விழுந்த வெயில் எல்லாம் மீட்டருக்கு வந்து சேராது. பேனலின் திறனை அளப்பது 25 டிகிரி சூட்டில். மார்ச் மாத மதியத்தில் மொட்டை மாடிப் பேனல் 60 டிகிரியைத் தொட்டுவிடும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் போகும். தூசி, வயர், இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) இழப்பையும் சேர்த்தால் கால் பங்கு வரை கழிந்துவிடும்.

நீங்களே பார்க்க, உலக வங்கியின் 'குளோபல் சோலார் அட்லஸ்' தளம் இலவசம். வரைபடத்தில் உங்கள் வீட்டின் மேல் புள்ளி வைத்தால் மாதவாரியாகக் காட்டும். ஜூன், ஜூலையில் எண் இறங்குவதைக் கவனியுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேகம் அது. சென்னையில் அந்தச் சரிவு நவம்பர், டிசம்பரில் வரும்.

ஆனால் அந்தத் தளத்துக்கு உங்கள் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க் தெரியாது. எனக்குப் பெரிய கவலை அதுதான். கோவையில் டிசம்பர் மதியம் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். 10 அடி உயர டேங்கின் நிழல் வடக்கே 7 அடி நீளும். ஜூனில் சூரியன் வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே விழும், இரண்டடிதான். ஆகவே ஜூனில் வந்து பார்த்துவிட்டு "நிழலே இல்லை" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேனல்களை வரிசையாக இணைப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடக்கூடும். தென்னை மட்டை நிழல்கூட அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. காலை 9, மதியம் 12, மாலை 3 மணிக்கு மாடிக்குப் போய் நிழல் எங்கே விழுகிறதென்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். தெற்கே காலி மனை இருந்தால் நாளை அங்கே மாடி எழும்பும் என்றே நினைத்து இடம் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் செலவுக்கு 2 கிலோவாட்டே போதும் என்பேன். தினம் 8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 480. மீதி 120 யூனிட்டை வழக்கம்போல மின்வாரியத்திடம் வாங்கிக்கொள்ளலாம். சுமார் 200 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் இதற்கு மானியம் 60,000 ரூபாய். 3 கிலோவாட்டுக்கு 78,000. கூடுதல் 18,000-க்கு ஆசைப்பட்டுப் பெரிதாகப் போட வேண்டாம். ஏசியோ மின் ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் மூன்றுக்குப் போகலாம்.

அப்புறம், ஆண்டுக்கு எத்தனை யூனிட் உற்பத்தி என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒரு கிலோவாட்டுக்கு 1,400 முதல் 1,500 என்றால் நியாயமான எண். பேட்டரி இல்லாத அமைப்பு கரண்ட் போனால் பகலிலும் நின்றுவிடும் என்பதையும் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.