"120 வருஷத்து சாரங்கி"ன்னு சொல்லி வித்தா வாங்காதீங்க

கேள்வி: ஒரு வருஷமா காத்மாண்டுல வேலை பாக்கறேன், அடுத்த மாசம் சென்னை திரும்பறேன். பொண்ணு வயலின் கத்துக்கறா, அவளுக்காக ஒரு நேபாளி சாரங்கி (வில் வச்சு வாசிக்கிற தந்தி வாத்தியம்) வாங்கலாம்னு தமேல்ல ஒரு கடையில பேசினேன். 120 வருஷம் பழசு, கிராமத்துல ஒரு குடும்பத்துகிட்ட இருந்து வாங்கினதுன்னு சொல்லி 64,000 நேபாளி ரூபா கேக்கறார். கூடவே கஞ்சிரா மாதிரி ஒரு பழைய கைஞ்சடி ஃப்ரீயா தர்றேங்கறார். வாங்கலாமா? நம்ம ஊர் கிளைமேட்ல தாங்குமா?

பதில்: சாரங்கி தாராளமா வாங்குங்க. ஆனா அந்தக் கடையில, அந்த விலைக்கு வேண்டாம். அந்த ஃப்ரீ கைஞ்சடியை கையால கூட தொடாதீங்க, ஏன்னு பின்னாடி விளக்கமா சொல்றேன்.

முதல்ல அந்த 120 வருஷக் கதை. நம்ம நூறு ரூபா நேபாளி 160 ரூபா, அப்போ அவர் கேக்கறது நம்ம பணத்துல 40,000. அவர் சொல்றது பொய்யா இருந்தா உங்க பணம் போச்சு. உண்மையா இருந்தா அதைவிட மோசம். 1956ல நேபாள்ல போட்ட பழைய நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேல பழமையான கலைப்பொருளை அங்க தொல்லியல் துறை அனுமதி இல்லாம நாட்டை விட்டு வெளிய கொண்டுபோகக் கூடாது. ஆக அவர் உங்களுக்கு விக்கறது ஒண்ணு பொய், இல்லன்னா வம்பு. இதைக் கேட்டா அடுத்து என்ன சொல்வாங்கன்னும் எனக்குத் தெரியும், "பில்லுல புதுசு, கைவினைப்பொருள்னு போட்டுத் தர்றேன், பிரச்சனையே வராது"ம்பாங்க. வாயில பழசுக்கு ரேட், பேப்பர்ல புதுசுக்கு பில். அந்த பில்லை வச்சுகிட்டு நாளைக்கு நீங்க அவர்கிட்ட ஏமாந்தேன்னு கேக்கவும் முடியாது, ஏன்னா புதுசுன்னு எழுதின பேப்பரை வாங்கினது நீங்கதான். இன்னும் சிலர் ஃப்ளைட் வேண்டாம், இந்திய எல்லையில இருக்கற சோனௌலி வழியா பஸ்ல போயிடுங்க, யாரும் பாக்க மாட்டாங்கன்னு ஐடியா குடுப்பாங்க. யாரும் பாக்கலன்னா சட்டம் மாறிடுமா?

பழசு மாதிரி பண்றது பெரிய வித்தை இல்லீங்க. அடுப்புப் புகை, டீ டிகாஷன், ஷூ பாலிஷ், இவ்வளவுதான். என்கிட்ட ரிப்பேருக்கு வந்த ஒண்ணை ஈரத்துணியால ஒரு துடை துடைச்சேன், துணி பூரா பாலிஷ் வாசனை, உள்ள வெள்ளை வெளேர்னு போன வருஷத்து மரம். வாங்கினவர் முகத்தை எனக்குப் பாக்க முடியல. நீங்களே செக் பண்ணலாம். சாரங்கியோட உடம்புல ரெண்டு குழி இருக்கும், கீழ்க்குழியை தோல் மூடியிருக்கும், அதுமேலதான் தந்தியைத் தாங்கற சின்னத் துண்டு, பிரிட்ஜ், நிக்கும், மேல்குழி திறந்தே இருக்கும். அந்தத் திறந்த குழிக்குள்ள போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. நிஜமா வாசிச்சுப் பழசானது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கறுத்திருக்காது. இடது கை நகம் தந்தியைத் தொடற இடம், தொடையில வச்சு வாசிக்கிற அடிப்பக்கம், முறுக்காணி, இங்கெல்லாம் தேஞ்சு பளபளன்னு இருக்கும், பிரிட்ஜை சுத்தி வில்லுல போடற பிசின் தூள் படிஞ்சிருக்கும். உள்ளயும் வெளியயும் ஒரே சீரா கறுப்பா இருந்தா அது ஒரே நாள்ல கறுத்தது.

இன்னொண்ணும் புரிஞ்சுக்கணும். சாரங்கி வாசிக்கிற கந்தர்வர்கள்ங்கற நேபாளச் சமூகத்துக்காரங்க அதை பூஜை ரூம்ல வச்சு காப்பாத்தினவங்க இல்ல. தோள்ல மாட்டிகிட்டு ஊர் ஊரா நடந்து, கதையும் சேதியும் பாடி, தானியமோ காசோ வாங்கிட்டு வந்து பொழச்சவங்க. காயினேன்னு ஒரு பழைய பேர் உண்டு, அது இழிவா ஒலிக்குதுன்னு இப்போ கந்தர்வான்னுதான் சொல்லணும், தீண்டாமைக் கொடுமையை எல்லாம் அனுபவிச்ச சமூகம். கிர்ரோன்னு ஒரு லேசான மரம், அதை ஒரே கட்டையா எடுத்து குடைஞ்சு செய்வாங்க. தோல் தொய்ஞ்சா மாத்துவாங்க, தந்தி அறுந்தா மாத்துவாங்க, கட்டையே பொளந்தா வேற ஒண்ணு குடைஞ்சுக்குவாங்க. முன்னாடி தசைன் பண்டிகைக்கு வெட்டற ஆட்டோட குடலை ஒரு பானையில 15, 20 நாள் போட்டு வச்சு, சதை அழுகினதும் நாரை மட்டும் உருவி முறுக்கி தந்தி பண்ணாங்க. இப்போ நைலான், ஸ்டீல், பேட்மிண்டன் ராக்கெட்டோட தந்தி கூட போடறாங்க, வில்லுல குதிரைவால் முடிக்குப் பதிலா நைலான் வந்தாச்சு. அதனால "ஒரிஜினல் குடல் தந்தி, அப்படியே இருக்கு"ன்னு யாராவது காட்டினா அங்கயே திரும்பிடுங்க.

அப்போ எங்க வாங்கறது? செய்யறவர்கிட்டயே வாங்குங்க. பொக்காரா பக்கத்துல பதுலேசௌர்னு ஒரு ஊர், ரேடியோ நேபாள்ல பாடி நாடு பூரா பேர் வாங்கின ஜலக்மான் கந்தர்வா அந்த ஊர்க்காரர்தான், 2003ல காலமானார். அங்க கந்தர்வர் குடும்பங்கள் இருக்காங்க. அவ்வளவு தூரம் போக முடியலன்னா தமேல் தெருவுலயே சாரங்கி வாசிச்சு வித்துகிட்டு நடக்கற கந்தர்வர்களைப் பாத்திருப்பீங்க, அவங்ககிட்ட பேசுங்க. நடுவுல கைடு வேண்டாம், கைடு வந்தா கமிஷன் வரும், கமிஷன் வந்தா செஞ்சவருக்கு மிச்சம் ஒண்ணும் இருக்காது. ஒரே ஒரு கண்டிஷன், அவர் சொந்தமா வச்சு வாசிக்கிறதுல நல்ல சத்தம் வரும், உங்க கையில குடுக்கறது வேறயா இருக்கும். நீங்க வாங்கப் போற அதே சாரங்கியை கால்மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்க. சுவர்ல மாட்டறதுக்குன்னே நிறைய செதுக்கி, தோலை ஃபெவிகால்ல ஒட்டி விக்கறதெல்லாம் வாசிக்கும்போதே காட்டிக் குடுத்துடும்.

பாதுகாக்கறதுன்னு பேச்சு வந்தாலே எனக்குக் கோவம் வருது. ஒரு விழாவுக்குப் போனேன், மேடையில சாரங்கிக்கு மாலை போட்டு வச்சிருந்தாங்க, அதைச் செஞ்ச பெரியவர் கடைசி வரிசையில பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தார், அவரை மேடைக்கு யாரும் கூப்பிடவே இல்ல. ஷீல்டுக்கும் சால்வைக்கும் காசு இருக்கு, அவர் பையனுக்கு மாசம் இவ்வளவுன்னு குடுத்து உளி பிடிக்கக் கத்துக்குடுக்க காசு இல்ல. அர்பாஜோன்னு ஒரு கருவி, சாரங்கியைவிட பெருசு, நாலு தந்தி, வில் இல்லாம மீட்டி வாசிக்கிறது, சாரங்கி பொண்ணு இது ஆணும்பாங்க, அதை வாசிக்கத் தெரிஞ்சவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். எந்தக் கடையிலயாவது பழைய அர்பாஜோ விலைக்கு வந்தா தயவு செஞ்சு வாங்காதீங்க, அது அங்கயே இருக்கணும். 1995ல ராம் பிரசாத் காடேல் ஆரம்பிச்ச நாட்டுப்புற இசைக்கருவி மியூசியம் காத்மாண்டுல இருக்கு, அங்க தகவல் சொல்லுங்க.

இப்போ கைஞ்சடி. பஜனைக்கு தட்டற வாத்தியம், நம்ம கஞ்சிராவுக்கு சொந்தக்காரன். அதுல பழசுல பெரும்பாலும் உடும்புத் தோல்தான் கட்டியிருப்பாங்க, கஞ்சிராவுல நாம கட்டின மாதிரியே. இந்தியாவுல 1972 வனவிலங்குச் சட்டத்துல உடும்பு முதல் அட்டவணையில இருக்கு, புலி எந்த லிஸ்டோ அதே லிஸ்ட். நேபாள்லயும் 1973 சட்டத்துல மஞ்சள் உடும்பு பாதுகாக்கப்பட்ட பிராணி. வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சைட்டீஸ்ங்கற சர்வதேச ஒப்பந்தத்துலயும் நம்ம ஊர் சாதாரண உடும்பும் மஞ்சள் உடும்பும் முதல் பட்டியல். ஃப்ரீயா வந்தது, கிஃப்ட், பழசு, நான் கொல்லல, இதெல்லாம் ஏர்போர்ட்ல செல்லாது. கடைக்காரர் ஆட்டுத்தோல்னு சத்தியம் பண்ணினாலும் நீங்களே பாருங்க. வெளிச்சத்துக்கு எதிரா பிடிங்க, ஆட்டுத்தோல்னா முடி இருந்த ஊசிமுனை அளவு துளைகள் அங்கங்க ஒழுங்கில்லாம தெரியும், உடும்புத்தோல்னா கேழ்வரகு மணியை வரிசையா ஒட்டின மாதிரி சின்னச் சின்ன செதில் அச்சு தெரியும், விரல் நுனியால தடவினா சொரசொரன்னு வரிசை தட்டும். மேல பெயின்ட் அடிச்சோ மைதா பசை பூசியோ மறைச்சிருந்தா உள்பக்கம் பாருங்க. சந்தேகம்னா வேண்டாம். சாரங்கிக்கும் இதே சோதனையைப் பண்ணிடுங்க, அதுல வழக்கமா ஆட்டுத்தோல்தான், இருந்தாலும் பண்ணுங்க. கைஞ்சடி வேணும்னே ஆசையா இருந்தா ஆட்டுத்தோல் கட்டினதை புதுசா செஞ்சு வாங்குங்க, சத்தம் கொஞ்சம் வேறதான், பரவாயில்ல.

சென்னையில தாங்குமான்னா, பாத்துகிட்டா தாங்கும். மழைக்காலத்துல தோல் தொய்யும், பிரிட்ஜ் உள்ள அமுங்கும், சத்தம் அடைச்சமாதிரி ஆகும், அதுக்குப் பயந்து வெயில்ல வைக்காதீங்க, ஹேர் டிரையர் அடிக்காதீங்க, திடீர்னு காஞ்சா தோல் கிழியும், மரம் பொளக்கும். ஏசிக்கு நேரா சுவர்ல மாட்டறதும் அதே கதிதான். தேங்கா எண்ணெய், வேப்பெண்ணெய் எதுவும் தோல்ல படவே கூடாது, பூச்சி வரக்கூடாதுன்னு நம்ம வீட்டுப் பெரியவங்க நல்ல மனசோட தடவி விடுவாங்க, அப்புறம் அந்தத் தோல் கூழாயிடும், மாத்தறதைத் தவிர வழியில்ல. வார்னிஷும் வேண்டாம், அந்த லேசான மரத்துக்கு சத்தம் செத்துடும். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு, மாசம் ஒருதடவை வெளிய எடுத்து மரத்தூள் கொட்டுதான்னு பாருங்க. வில்லுக்கு உங்க பொண்ணோட வயலின் ரோசினே போதும்.

வாசிக்காம ஒரு வாரத்துக்கு மேல வைக்கறதா இருந்தா தந்தியைத் தளர்த்தி பிரிட்ஜை படுக்க வச்சிடுங்க. ஃப்ளைட்டுக்கும் அப்படியே, கேபின் பேக்ல துணி சுத்தி வைங்க. பிரிட்ஜை மட்டும் தனியா ஒரு சின்ன டப்பாவுல போட்டு, செஞ்சவர்கிட்டயே ரெண்டு செட் தந்தியும் ஒரு ஸ்பேர் பிரிட்ஜும் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க, அந்த சைஸ் பிரிட்ஜ் இங்க எந்தக் கடையிலயும் கிடைக்காது.