மஞ்சள் மயில்கொன்றை பூக்கவில்லை, பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எட்டு மாதத்துக்கு முன் ஓர் இணையக் கடையில் 'மஞ்சள் மயில்கொன்றை, தொட்டிக்கு ஏற்ற செடி' என்று போட்டிருந்ததைப் பார்த்து ஒரு நாற்று வாங்கினேன். இலை நன்றாகத் தழைத்து நெஞ்சுயரம் வந்துவிட்டது, ஆனால் ஒரு பூகூட இல்லை. கடையில் கேட்டால், "அவரைக் குடும்பத்துச் செடி, உரமே வேண்டாம், பொறுங்கள்" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகி, செங்காங்

பதில்: முதலில் உங்களிடம் இருப்பது மயில்கொன்றைதானா என்று பாருங்கள். நாற்றாக இருக்கும்போது மயில்கொன்றையும் சாலையோரத்தில் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் பெரிய கொன்றை மரமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். தண்டைத் தடவிப் பாருங்கள். மயில்கொன்றையில் பெரும்பாலும் அங்கங்கே முள் இருக்கும், மரத்தில் முள் இருக்காது. மயில்கொன்றையின் சிற்றிலைகள் சற்றுப் பெரியவை. மயில்கொன்றை விதை போட்ட ஓராண்டுக்குள்ளேயே பூக்கக்கூடியது. மரமோ பூக்கப் பல ஆண்டு எடுக்கும், தொட்டியில் அதை வைத்துக் காலம் தள்ள முடியாது.

மரம் என்றால் உங்கள் பக்கம் நியாயம் வலுவாக இருக்கிறது. விவரித்தபடி பொருள் இல்லையென்றால், குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டத்தின்கீழ் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, பொதுவாக முதலிலேயே இருந்ததாகக் கருதப்படும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டதால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அதற்காகக் கவலை வேண்டாம், செடியாக வந்தது நடுவில் மரக்கன்றாக மாறியிருக்க முடியாதே. விளம்பரப் பக்கத்தையும் செடியையும் படம் எடுத்து, கடைக்கு எழுத்துமூலம் கேளுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள், 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம். ஒரு நாற்றுக்கு அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் முடிவு. ஆனால் எழுதிக் கேட்பதை மட்டும் விடாதீர்கள், பல கடைகள் அதிலேயே வழிக்கு வந்துவிடும்.

செடி சரியானது, பூதான் வரவில்லை என்றால் பணம் கேட்பது கடினம். எனக்குச் சந்தேகம் வெயில்மேல்தான். மயில்கொன்றைக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். கூரை மறைக்கும் தாழ்வாரத்தில் அது இலையை மட்டும்தான் தரும்.

உரம் பற்றிக் கடை சொன்னது தவறு, அதை அழுத்திச் சொல்கிறேன். அவரைக் குடும்பத்தில் எல்லாச் செடியும் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர்முடிச்சில் சேர்த்துவைப்பதில்லை. மயில்கொன்றை அப்படிச் சேர்க்காத வகை. தொட்டியில் வளர்ந்தால் உரம் போட்டே ஆகவேண்டும். ஆனால் தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இலைதான் பெருகும். பூச்செடிகளுக்கென்று விற்கும், சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலான உரமாகப் பாருங்கள். நுனியை வெட்டிவிடுங்கள், புதுக்கிளையின் நுனியில்தான் பூங்கொத்து வரும். காய் பிடித்தால் கிள்ளி எறியுங்கள். விதை நச்சுத்தன்மை உடையது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதில் அசட்டை கூடாது.

அடுத்த முறை வாங்கும்போது படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சுங்கை தெங்கா பக்கம் உள்ள நாற்றங்கால்களுக்குப் போய், பூத்திருக்கும் செடியாகக் கேட்டு வாங்குங்கள். நிறமும் வகையும் கண்ணால் பார்த்தாயிற்று, பிறகு வழக்கே வராது. கிளம்பும் முன் வெயில் விழும் இடத்தை அளந்து கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி காலியாக இருக்கவேண்டும், முள் செடி என்பதால் அண்டை வீட்டுக்காரர் நடக்கும் பக்கம் கிளை நீளவும் கூடாது. தொட்டித் தட்டில் நிற்கும் நீரை ஒருநாள் விட்டு ஒருநாளாவது கொட்டிவிடுங்கள். டெங்கிக் கொசுவுக்கு அந்தத் தட்டே போதும்.